அரை மணிக்கு ஒரு வாய்

கிள்ளானில் நான் இருபது வருடம் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். மனைவி வேலைக்குப் போனபின் வீட்டில் நானும் எங்கள் பெரிய கறுப்பு நாயும்தான். அதற்குக் காலையும் மாலையும் சோறு, மற்ற நேரமெல்லாம் தூக்கம். மூன்று மாதமாக நானும் ஏறக்குறைய அப்படித்தான்.

ஒரு மழைக்குப் பிறகு, வாசல் செடியில் தொங்கிய தேன்சிட்டுக் கூடு அறுந்து கிடந்தது. ஒரே ஒரு குஞ்சு உயிரோடு இருந்தது. அதைத் துணியில் சுற்றி, நாயைப் பார்க்கும் பெண் டாக்டரிடம் கொண்டுபோனேன்.

"தீனி கொடுத்தீங்களா அங்கிள்?"

"காலைல கொஞ்சம் கொடுத்தேன். இனி சாயங்காலம்தான். இத்துனூண்டு வயிறுதானே?"

"அதுக்குள்ள செத்துரும் லா! உங்க நாய்க்குப் பெரிய உடம்பு. சூடு சீக்கிரம் போகாது, ஒரு நாள் பட்டினியும் தாங்கும். உடம்பு சின்னதாக ஆக, தின்னது வேகமா எரிஞ்சிரும். எடைக்கு எடை பார்த்தா இது நாயைவிடப் பல மடங்கு சாப்பிடணும். விடிஞ்சா இருட்டுற வரைக்கும், அரை மணிக்கு ஒருதரம்."

கரைத்து ஊட்டக் குஞ்சுத்தீனி மாவும் சொட்டுக்குழாயும் கொடுத்தார். சின்னக் கூடையில் வைத்து அதே இடத்தில் தொங்கவிடச் சொன்னார். தாய் திரும்பினாலும் திரும்பலாமாம்.

வீட்டில் நாயின் விலாவில் கை வைத்தேன். துடிப்பை நிதானமாக எண்ண முடிந்தது. குஞ்சின் நெஞ்சிலோ எண்ணவே முடியவில்லை. விரல் நுனியில் ஒரே நடுக்கம்.

அன்று தாய் வரவில்லை. மறுநாள், எப்போதோ விண்ணப்பம் போட்டிருந்த ஷா ஆலாம் கிடங்கு ஒன்றிலிருந்து போன் வந்தது: நாளைக் காலை பத்து மணிக்கு நேர்முகத் தேர்வு. குஞ்சைச் சாக்காக வைத்துப் போகாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன். உண்மையில் எனக்குப் பயம்.

குஞ்சுக்கு யார் ஊட்டுவது என்று மனைவியிடம் கேட்டேன். "பக்கத்து வீட்டில கேளுங்க" என்றாள்.

அங்கே இருந்த மலாய்க்காரப் பெண்மணியிடம் ஐந்து வருடமாகச் சிரிப்பு மட்டும்தான் பழக்கம். தயங்கித் தயங்கிக் கதவைத் தட்டினேன். "அரை மணிக்கு ஒருதரமா? என் பேரப்பிள்ளையே தேவலையே!" என்று மலாயில் சொல்லிச் சிரித்தபடி சொட்டுக்குழாயை வாங்கிக்கொண்டார்.

கிடங்கில் மேலாளர், "மூணு மாசமா என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை. "சும்மாதான் இருந்தேன் சார். ரெண்டு நாளா ஒரு குஞ்சுக்கு அரை மணிக்கு ஒருதரம் ஊட்டுறேன்" என்றேன். ஏன் அரை மணி என்று கேட்டார். டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பியபோது பக்கத்து வீட்டுப் பெண்மணி நடைபாதையில் நின்று, உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். கூடை விளிம்பில் தாய்ச்சிட்டு! ஊட்டியது, பறந்தது, சில நிமிடங்களில் மறுபடி வந்தது. எங்கள் அரை மணியெல்லாம் அதற்கு எம்மாத்திரம்!

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை குஞ்சு எதிர்மரம்வரை பறந்தது. நானும் மனைவியும் பக்கத்து வீட்டுப் பெண்மணியும் கைதட்டினோம். வேலை கிடைத்திருந்தது; மறுநாள் கிடங்கில் எனக்கு முதல் நாள். காலை ஆறு மணிக்கே பஸ் நிறுத்தத்தில் நின்றேன்.