குளியலறைக்கு வந்த அருவி

எங்கள் தாத்தா போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தென்காசி வட்டாரத்துத் திருடர்களெல்லாம் தன்னைக் கண்டு நடுங்கினார்கள் என்று அவரே சொல்லுவார். அப்பேர்ப்பட்டவரை ஒரு சனிக்கிழமை எண்ணெய்க் குளியலில் எங்கள் குளியலறைத் தரை கீழே தள்ளிவிட்டது. நல்லவேளையாக இடுப்பு தப்பியது. இன்னொரு தரம் விழுந்தால் எழுந்து நடப்பது சந்தேகம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

செங்கோட்டையில் வாழ்க்கைப்பட்டிருந்த அத்தை, விஷயம் கேட்டதும் பெட்டியோடு வந்து இறங்கினாள். மறுநாளே குளியலறைச் சுவரில் பளபளவென்று ஒரு கைப்பிடிக் கம்பி முளைத்தது. தாத்தா அதை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏட்டி, ஊர்க் களவாணிப் பயலுவள எல்லாம் கம்பி எண்ண வச்சவன் நான். என்னைப் போயி கம்பியப் பிடிக்கச் சொல்லுதியா?"

அதில் துண்டைத்தான் காயப்போட்டார். அவர் சுவரைத் தடவித் தடவிக் குளித்து வரும்வரை அத்தை கதவருகே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

ஆனியில் சாரல் பிடித்தது. குற்றாலம் போயே தீருவேன் என்று தாத்தா ஒற்றைக்காலில் நின்றார். அப்போதுதான் அத்தைக்கு அந்த யோசனை வந்தது. பிளம்பரைக் கூப்பிட்டு, மொட்டைமாடித் தொட்டியிலிருந்து தடித்த குழாய் ஒன்றைக் குளியலறை உச்சிக்கு இறக்கினாள். தரைக்குச் சொரசொரப்பான கல் பதித்தாள். மெயின் அருவியில் எல்லோரும் பிடித்துக்கொண்டு குளிப்பார்களே, அந்தக் கம்பியின் உயரத்துக்கு இந்தக் கம்பியை மாற்றினாள்.

"அப்பா, அங்கன கூட்டம் நெரியுது. ஒங்களுக்கு இங்கனயே அருவி விழுது, வாங்க."

"கோட்டிக்காரி" என்று முனகிக்கொண்டே தாத்தா துண்டைக் கட்டிக்கொண்டு போனார். கதவைச் சாத்தவில்லை, அருவியில் குளிக்கிறவருக்கு என்ன மறைவு? அத்தை வால்வைத் திறந்தாள். தண்ணீர் தடதடவென்று தலையில் இறங்கியதும் அவர் இரண்டு கைகளும் போய்க் கம்பியைப் பிடித்தன. கூடவே, அருவிக்கடியில் நிற்பவர்கள் போடும் அதே 'ஓ'வென்ற கூச்சல்!

அத்தை என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினாள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு தாத்தா விழவே இல்லை. வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம், "எண்ணெய தேச்சிட்டு வாங்க அண்ணாச்சி, நம்ம அருவில ஒரு குளியலப் போடுங்க" என்று அழைக்க ஆரம்பித்தார்.

பங்குனியில் குற்றாலம் வெறும் பாறையாகக் காய்ந்து கிடந்தபோதும், தலையைத் துவட்டிக்கொண்டே அத்தைக்குக் கேட்கும்படி, "இன்னைக்குத் தண்ணி கூடுதலா விழுதுட்டி" என்பார். தாத்தாவை நன்றாக ஏமாற்றிவிட்டோம் என்று நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். கண்ணைப் பார்த்தே கள்ளனைப் பிடித்த மனிதர், மகளிடம் மட்டும் தெரிந்தே, ஆசைப்பட்டு ஏமாந்தார் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.