காட்டில் வைத்த பூ

திருவனந்தபுரத்துக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் காலையில் வாசல் தெளிக்கும்போது, குளித்த ஈரத்தோடு கூந்தலை விரித்துப் போட்டபடி எதிரே வரும் பெண்களைப் பார்த்தால் எனக்கு ஒரு கணம் திக்கென்றுதான் இருக்கிறது. ஆபீசுக்குப் போகிறவளும் அப்படித்தான், கோயிலுக்குப் போகிறவளும் அப்படித்தான். நம் திருநெல்வேலிப் பக்கம் ஒருத்தி அப்படித் தெருவில் வந்தால் யார் வீட்டில் சாவு என்றல்லவா கேட்போம்? நானும் கேட்டேன். வலியசாலையில் குடியேறிய முதல் வாரம், மாடியில் இருந்த பெண் தலைவிரி கோலமாக இறங்கி வருவதைப் பார்த்துப் பதறி, "யாருக்கு என்னாச்சு?" என்றேன். "எந்தா? ஒந்நுமில்லல்லோ!" என்று மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனாள். இந்தத் தமிழச்சிக்கு மூளை கொஞ்சம் மட்டு என்று நினைத்திருப்பாள்.

என் மகள் உமா கைக்குழந்தையாக இங்கே வந்தவள். அவளும் கூந்தலை விரித்து, காதோரம் இரண்டு இழை எடுத்துப் பின்னால் முடிந்துகொண்டு கல்லூரிக்குப் போவாள். சீப்போடு பின்னால் ஓடி ஓடி அலுத்துப்போய் விட்டுவிட்டேன். அப்போது தாவரவியல் இரண்டாம் வருடம். எம்.எஸ்சி. முடிக்கும்வரை கல்யாணப் பேச்சை எடுக்கமாட்டோம் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தவள் நான். அவள் அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினார்.

அவருக்குப் பழவங்காடியில் ஒரு பாத்திரக்கடையில் வேலை. லீவு என்ற வார்த்தையே அவருக்கு ஆகாது. அப்படிப்பட்டவர் ஒரு ஓண விடுமுறையில், போனக்காட்டுக்கு ஜீப்பில் போய்க் காடு பார்த்துவிட்டு வரலாம் என்றார். வள்ளியூரிலிருந்து பழைய சிநேகிதரின் குடும்பம் வருகிறதாம், அவர்களும் கூட வருவார்களாம். எனக்குச் சந்தேகமே வரவில்லை. உமா துள்ளிக் குதித்தாள். புத்தகத்தில் படித்த மரங்களை நேரில் பார்க்கப் போகிறாளே! நான் புளியோதரை கட்டினேன், அட்டைக் கடிக்கு உப்புப் பொட்டலமும் எடுத்துக்கொண்டேன்.

வந்தவர்கள் மூன்று பேர். சிநேகிதர், அவர் மனைவி, உரக்கடை வைத்திருக்கும் அவர்கள் மகன். அந்த அம்மாள் காட்டுக்குப் பட்டுப்புடவையில் வந்திருந்தார். செக்போஸ்டில் வனக்காவலர் ஜீப்புக்குள் எட்டிப் பார்த்து, "கல்யாணப் பார்ட்டியாணோ?" என்றார். "அல்ல சாரே, காடு காணான்" என்று, காடு பார்க்கத்தான் போகிறோம் என்பதை எனக்குத் தெரிந்த மலையாளத்தில் சொல்லிச் சிரித்தேன். அவருக்குப் புரிந்தது எனக்குப் புரியவில்லை.

தேயிலைத் தோட்டம் தாண்டிக் காட்டுக்குள் நடந்தோம். நான் பிறந்த மண்ணில் உடைமரமும் பனையும்தான். நிழல் வேண்டுமென்றால் தேடிப் போக வேண்டும். இங்கே வெயிலைத் தேட வேண்டியிருந்தது. பகல் பதினோரு மணிக்கு விளக்கு வைக்கும் நேரம் போல இருட்டு. எங்கோ தண்ணீர் விழும் சத்தம், காலடியில் நொதநொதவென்று இலைகள். உமா ஒவ்வொரு மரமாகத் தொட்டுக்கொண்டே போனாள். "அம்மா, இது வெடிப்லாவு, கேட்டியா? சிங்கவால் குரங்கு இதோட பூவத்தான் திங்கும்" என்று மரத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

ஓடைப் பாறையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அந்த அம்மாள் உமாவைக் கூப்பிட்டார். "ஏம்மா, இப்படித் தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டா காட்டுக்குள்ள வருவாங்க? இங்க வா, பின்னி விடுதேன்." உமா சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்தாள். நான் எத்தனை வருடம் கெஞ்சியும் நடக்காதது நடக்கிறதே என்று எனக்குக்கூட வேடிக்கையாக இருந்தது. பின்னி முடித்துப் பையைத் திறந்தார். வாழையிலையில் சுற்றிய மல்லிகைப்பூ. அதற்கடியில் வெற்றிலை, பாக்கு, எலுமிச்சம்பழம், குங்குமச் சிமிழ்.

நம் பக்கத்தில் பையனைப் பெற்றவள் தன் கையால் குங்குமம் இட்டுப் பூ வைத்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. உமாவுக்கு அதெல்லாம் தெரியாது. அவள் வளர்ந்த ஊரில் பூ வெறும் பூதான். தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்றாள்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருடம் கூட வாழ்ந்த மனுஷன்! "வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நாலு பேர் முன்னால் அவரை அவமானப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. மகளைக் காட்டிக்கொடுக்க மட்டும் வந்தது. அந்த அம்மாள் குங்குமச் சிமிழை என்னிடம் நீட்டினார். நானும் எடுத்து இட்டுக்கொண்டேன்.

திரும்பும்போது ஜீப்பில், "கல்யாணத்தத் தையில வச்சுக்கிடலாம்லா மதினி?" என்று அந்த அம்மாள் என்னிடம் கேட்டபோதுதான் உமா நிமிர்ந்தாள். அந்தப் பையன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பாவம், அவன் கெட்டவன் இல்லை. உமா என் காதருகே குனிந்து கேட்டாள். "அம்மாவுக்கு முன்னாலயே தெரியுமோ?"

"சத்தியமா தெரியாதுட்டி."

"பூ வச்சப்ப?"

மலையிறங்கி விதுரை வரும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து அவரிடம் சண்டை போட்டேன். அழுதேன், இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். "சொன்னா நீ கெடுத்திருப்ப" என்றார். "இன்னும் ரெண்டு வருசம் விட்டா எவனையாவது கூட்டிட்டு வந்து நிப்பா. பொண்ணாவது நம்ம ஊருக்குப் போய்ச் சேரட்டும். பூ வச்சாச்சு, இனி மாத்துனா ஊர்ல தலை காட்ட முடியாது." அவர் தலை காட்டுவது வருடத்துக்கு ஒருமுறை, கோயில் கொடைத் திருவிழாவுக்கு. அந்த ஒரு நாளுக்காக என் மகள் படிப்பை நிறுத்தினாள். தையில் கல்யாணம் நடந்தது. நான்தான் முன்னால் நின்று எல்லாம் செய்தேன்.

இப்போது உமா வள்ளியூரில் இருக்கிறாள். மாதம் ஒரு கடிதம் போடுவாள். உறையில் தமிழ்நாட்டு முத்திரை, உள்ளே முழுக்க மலையாளம். அவளுக்குத் தமிழ் எழுதத் தெரியும், அரிசியில் விரல் பிடித்து நான்தான் எழுதப் பழக்கினேன். எனக்கு மலையாளம் பேசத்தான் வரும், படிக்க வராது என்பதும் அவளுக்குத் தெரியும். அதனால் அடுத்த வீட்டு டீச்சரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அவர் படித்துச் சொல்வார். சுகமாக இருக்கிறாளாம். காற்று பலமாம். மரம் கம்மியாம். போன மாதம் படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றி, "இத்ரயே உள்ளூ" என்று கடிதத்தை மடித்துக் கொடுத்தார். அவ்வளவுதானாம். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தேன். அவர் விரல் நின்ற இடத்துக்குக் கீழே இன்னும் ஏழு வரி இருந்தது.