பூட்டி வைத்த கார் இரைந்த மதியம்

போன புதன்கிழமை மதியம், ஆம்பூரில் முப்பது பெண்களைத் தெருவுக்கு ஓட வைத்தேன். நான் இல்லை... என் கார். சரி, நான்தான்.

நடந்ததைச் சொல்கிறேன்.

ஷகிலா என் கல்லூரித் தோழி. ஆம்பூரில் ஒரு ஹாலை வாடகைக்கு எடுத்து, ஷூவின் மேல்பாகம் தைக்கும் யூனிட் நடத்துகிறாள். வெட்டின தோல் மூட்டையாக வரும். இவளிடம் வேலை செய்யும் பெண்கள் அதை ஒட்டி, தைத்து, பெரிய ஃபேக்டரிக்கு அனுப்புவார்கள். ஒட்டுவதற்கு ஒரு பசை உண்டு. 'சொல்யூஷன்' என்பார்கள். அதன் டின்களை ஹாலின் பின்பக்க மூலையில் அடுக்கி வைத்திருப்பாள். ஒரு பொறி பட்டால் போதும், பற்றிக்கொள்ளும்.

சென்னையிலிருந்து திரும்பும் வழியில், சாப்பிட வா என்று கூப்பிட்டிருந்தாள். நான் எலெக்ட்ரிக் கார் வாங்கி நான்கு மாதம் ஆகிறது. பள்ளிகொண்டா பக்கம் ஃபாஸ்ட் சார்ஜரில் அரை மணி நேரம் போட்டுவிட்டு, ஹைவேயில் ஒரே மூச்சாக வந்தேன். வெயிலா அது? ஸ்டீயரிங்கைத் தொட முடியவில்லை.

ஷகிலாவின் ஹாலை ஒட்டி ஒரு சந்து. அங்கே மட்டும்தான் நிழல். பைக் போக இடம் விட வேண்டுமே என்ற நல்ல எண்ணத்தில், காரைச் சுவரோடு சுவராக ஒட்டி நிறுத்தினேன். பூட்டினேன். முன்பக்கம் சுற்றிப் போய் ஷகிலாவின் அறையில் உட்கார்ந்தேன். ஒரு டம்ளர் மோர் கொடுத்தாள். பாதிதான் குடித்திருப்பேன்...

சந்துக் குழாயில் கை கழுவப் போன ஒரு பெண் ஓடி வந்தாள்.

"மேடம், அந்தக் காரு கத்துது!"

"கத்துதா?"

"ஆளே இல்ல. உள்ள இன்னாவோ ஓடுது மேடம்!"

போய்ப் பார்த்தோம். பூட்டிய கார், சாவி என் கையில். ஆனால் பானெட்டுக்குள் ராட்சத ஃபேன் ஒன்று 'ஹோ'வென்று இரைகிறது. முன்னால் போய் நின்றேன் — அனல் காற்று காலில் அடித்தது. உள்ளே எங்கோ 'டிக்... டிக்'. அடியில் சொட்டுச் சொட்டாக ஏதோ ஒழுகுகிறது.

பற்றி எரிகிற எலெக்ட்ரிக் வண்டி வீடியோக்கள் எத்தனை பார்த்திருக்கிறோம்? அத்தனையும் ஒன்றாக ஞாபகம் வந்தது.

"ஆஃப் பண்ணிட்டுதானே வந்த?" ஷகிலா என் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"பூட்டிட்டு வந்தேண்டி!"

அவள் காரைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தாள். "இந்தச் சுவத்துக்கு அந்தாண்டதாண்டி சொல்யூஷன் இருக்குது..."

அடுத்த நொடி உள்ளே ஓடினாள். "எல்லாரும் வெளிய வாங்க! மெஷின விடுங்க, வெளிய வாங்க!" யாரோ மெயின் ஸ்விட்சையும் அணைத்துவிட்டார்கள். தையல் மெஷின்கள் ஒரே நேரத்தில் நின்றன. இப்போது என் காரின் இரைச்சல் மட்டும்தான் கேட்டது.

நான் சந்து முனையில் நின்று, கார் கம்பெனியின் உதவி எண்ணுக்கு அடித்தேன். ஒருவழியாக ஒரு சர்வீஸ் இன்ஜினியர் கிடைத்தார். நிதானமான குரல்.

"புகை வருதா மேடம்?"

"இல்ல."

"மொபைல் ஆப்ல சிவப்பா ஏதாச்சும் வார்னிங் காட்டுதா?"

பார்த்தேன். ஒன்றும் இல்லை.

"கெமிக்கல் வாசனை?"

"சார், நான் ஷூ தைக்கிற இடத்துல நிக்கிறேன். இங்க எப்பவும் அந்த வாசனைதான்!"

அவர் வாசனையை விட்டுவிட்டார். பிறகு, எங்கிருந்து வந்தேன், எங்கே சார்ஜ் போட்டேன் என்று விசாரித்தார்.

"பயப்படாதீங்க மேடம். ஃபாஸ்ட் சார்ஜ், ஹைவே, இந்த வெயில்... பேட்டரி சூடாகியிருக்கும். நீங்க ஆஃப் பண்ணாலும் அது தன்னத்தானே குளிர வெச்சுக்கும். அந்த ஃபேன்தான் ஓடுது. உள்ள இருக்கிற சூட்டைத்தான் வெளிய தள்ளுது. டிக்னு கேக்கறது உள்ள இருக்கிற ஸ்விட்ச். ஒழுகறது ஏசி தண்ணி. கொஞ்ச நேரத்துல தானா நின்னுடும். புகை, வார்னிங் வந்தாதான் தள்ளிப் போகணும்."

ஷகிலாவிடம் சொல்லத் திரும்பினேன். அப்போதுதான் கேட்டது.

டொம். டொம். டொம்.

"சார்! இது இன்னா சார்? டொம் டொம்னு..." போனைக் காரின் பக்கம் நீட்டினேன்.

கொஞ்ச நேரம் கேட்டார். "மேடம், அது கார் சத்தம் இல்ல. அந்த மாதிரி இடிக்கிற பொருளே அதுல கிடையாது."

கார் சத்தம் இல்லையா? அப்படியானால்?

நாலடி முன்னால் போனேன். சுவரில் ஓர் இரும்புக் கதவு. சுவரின் நிறமே பூசியிருந்ததால் நிறுத்தும்போது கண்ணில் படவில்லை. அது வெளிப்பக்கம் திறக்கிற கதவு. கை நுழையும் அளவுக்குத் திறந்து... என் காரின் மேல் இடித்து... திரும்ப மூடியது. டொம்.

உள்ளே ஆட்கள் இருந்தார்கள்.

காரில் எப்படி ஏறினேன், எப்படி நகர்த்தினேன் என்பது ஞாபகமில்லை. அந்த ஃபேன் இரைந்துகொண்டேதான் இருந்தது. கதவு படாரென்று திறந்தது. எட்டுப் பெண்கள், ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தபடி வந்து விழுந்தார்கள். வியர்வையில் குளித்திருந்தார்கள். ஒருத்தி சுவரில் தலையைச் சாய்த்து அழுதாள்.

ஃபேக்டரிக்கு அனுப்புவதற்காக முன்பக்கம் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகள் வழியைப் பாதி அடைத்திருக்கின்றன. மெயினை அணைத்ததில் இருட்டு வேறு. பின்வரிசைப் பெண்கள் கூட்டத்தில் நசுங்கப் பயந்து பின்கதவுக்கு ஓடியிருக்கிறார்கள். அங்கே நான் காரைச் சாத்தி வைத்திருக்கிறேன்.

கடைசியாக வந்தவள் தேவகி. அந்த வரிசையில் மூத்தவள். வலது கையை இடது கையால் பிடித்திருந்தாள். விரல்கள் சிவந்து வீங்கியிருந்தன.

"கதவு இடுக்குல கைய நீட்டி ஆட்டுனேன்க்கா, மாட்டிக்கிச்சு. நீங்க இந்தப் பக்கம்தான் பாத்துனு இருந்தீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை. ஆமாம், அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பானெட்டை.

அன்றைக்கு நிஜமாகவே தீப்பிடித்திருந்தால்? காரில் இல்லை, உள்ளே, அந்த டின்களில்? ஷகிலாவும் இதையே நினைத்திருக்க வேண்டும். சாப்பாட்டை மறந்து, தானே முதல் அட்டைப்பெட்டியைத் தூக்கினாள். "தப்பு உன்னோடது மட்டும் இல்லடி" என்றாள். சாயங்காலத்துக்குள் வழி முழுக்கக் காலி. சொல்யூஷன் டின்கள் கதவிலிருந்து விலகித் தனி அறைக்குப் போயின. பின்கதவுக்குச் சிவப்பு பெயின்ட்.

காரா? யாருக்கும் சொல்லாமல், அது பாட்டுக்கு எப்போதோ அடங்கிவிட்டது.

அதற்குப் பிறகு தெரிந்தவர்கள் எல்லோருக்கும் இந்தக் கதையைச் சொல்லிவிட்டேன். பேட்டரி, ஃபேன், ஸ்விட்ச் என்று விளக்குவதில் இப்போது நான் அரை இன்ஜினியர். புதிதாக கார் வாங்குகிறவர்கள் எனக்கு போன் செய்து சந்தேகம் கேட்கிறார்கள். மூன்று நாள் இப்படியே பெருமையாகப் போனது.

நான்காம் நாள்தான், ஷகிலாவிடம் நம்பர் வாங்கி, தேவகிக்கு போன் செய்தேன்.

"எலும்புல ஒண்ணும் இல்லக்கா, படம் எடுத்துப் பாத்தாச்சு. வீக்கம் கம்மியாய்டுச்சு. திங்கக்கெழம வேலைக்குப் போய்டுவேன்" என்றாள். நான் மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது, அவளே அக்கறையாகக் கேட்டாள்:

"ஆமா... காருக்கு அடி ஜாஸ்தியாக்கா?"