சேலைக்கடியில் ஒளித்த அயன்பாக்ஸ்

பிரிக்பீல்ட்ஸில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடையில் ஈயம் உருகும் வாடை அடித்ததுமே அப்பாமீது பழைய எரிச்சல் கிளம்பியது.

எண்பதுகளில், கிள்ளான் வீட்டில் ஒழுங்காக ஓடும் எதையும் அவர் சும்மா விட்டதில்லை. ரேடியோவைக் கழற்றி மூட்டினால் மூன்று திருகாணி மிஞ்சும். “எக்ஸ்ட்ரா லா!” என்பார், கூச்சமே இல்லாமல்.

அவர் ‘ரிப்பேர்’ செய்த அயன்பாக்ஸ் என் சீருடையைப் பொசுக்கியபின், அம்மா புதிதொன்று வாங்கிச் சேலைகளுக்கடியில் ஒளித்துவைத்து, அதில்தான் தேய்த்தார். மாலையில் என் பள்ளிச் சீருடை பினாஃபோரின் மடிப்புகளைத் தடவி, “பாத்தியா, நான் செஞ்ச அயன்!” என்று அப்பா பீற்றிக்கொள்வார். “ஆமாங்க,” என்பார் அம்மா. எனக்குள் இளப்பமாய் ஒரு சிரிப்பு.

ஒருநாள் புதியதும் சூடாகவில்லை. அதன் வயரில் அப்பாவின் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. அன்று மாலை கசங்கிய மடிப்புகளைத் தடவியவர், அம்மாவின் சேலை அலமாரியை ஒருமுறை பார்த்துவிட்டு, டேப்பை எடுத்து உள்ளே வைத்தார்.

“ரெடி, ஆன்டி,” என்று கடைக்காரர் கைப்பேசியை நீட்டினார். நான் முதலில் அவர் மேசையில் திருகாணி மிஞ்சியிருக்கிறதா என்று பார்த்தேன்.