கொண்டைக்காரனின் வலது கை

அந்த ரிமோட்டின் இடது பாதி தம்பியுடையது, வலது பாதி என்னுடையது. கறுப்பு நிறம், இரண்டு உள்ளங்கைக்கும் பொருந்துகிற மாதிரி இரண்டு பக்கமும் கொம்பு, நடுவில் டேப் ஒட்டிய ஒரு விரிசல். வீடியோ கேம் ஆடுகிறவர்கள் அதற்கு வேறு பெயர் சொல்வார்கள். எங்கள் வீட்டில் டிவிக்கு எதிரே கையில் பிடிக்கிற எதுவும் ரிமோட்தான். ஒரே ஆள் இரண்டு கையாலும் பிடித்து ஆடுவதற்கென்று செய்த சாமான் அது. நாங்கள் அக்காவும் தம்பியுமாக ஒட்டி உட்கார்ந்து, அவன் இடது கையும் என் வலது கையுமாகப் பிடித்து ஆடினோம். இப்போது அவன் போய்ச் சேர்ந்துவிட்டான். அம்மா வீட்டில் டிவிக்குக் கீழே அது இன்னும் கிடக்கிறது. அவள் துடைத்துத் துடைத்து வைக்கிறாள். தூக்கிப் போடு என்று எத்தனையோ தடவை கத்திவிட்டேன், அவள் காதில் விழுவதே இல்லை.

திருவாண்டார்கோயிலில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவன் ஆசைப்பட்டு வாங்கியது அந்த கேம் பெட்டி. யாரோ ஆடி அலுத்துப்போய் விற்றது. கூடவே வந்த ஒரே ஒரு விளையாட்டு, ராஜாக்கள் காலத்து ஜப்பானில் நடக்கிற வாள் சண்டை. எஜமானனை இழந்த ஒரு வீரன், தலையில் கொண்டை, இடுப்பில் நீளக் கத்தி. மூங்கில் காட்டிலும் பனி கொட்டுகிற மலையிலும் நடந்துபோய், எதிரே வருகிறவனையெல்லாம் வெட்டிச் சாய்த்துக்கொண்டே, துரோகம் செய்த பிரபுவின் கோட்டைக்குப் போய்ச் சேர வேண்டும். நான் அந்த வீரனுக்குக் கொண்டைக்காரன் என்று பெயர் வைத்தேன். எனக்குக் கல்யாணம் ஆனதும் எங்கள் ஊர் ஒதியம்பட்டிலேயேதான், இரண்டு தெரு தள்ளி. அதனால் நினைத்தபோதெல்லாம் அம்மா வீட்டுக்குப் போய் அவனைத் திட்டிவிட்டு வர முடிந்தது. “எரும மாடு மாதிரி வளந்துட்டு இன்னாடா இது வெட்டு குத்து? பாவாட கட்டுன ஆம்பளைங்கள போட்டு வெட்டிகினு கெடக்கிற?” என்பேன். “அய்ய, அது பாவாட இல்லக்கா, அவங்க ஊரு வேட்டி” என்பான், கண்ணை டிவியிலிருந்து எடுக்காமல். அவன் சண்டை போடுகிறபோது பார்க்க எனக்கும் பிடிக்கத்தான் செய்தது. விரல்கள் அப்படி ஓடும்.

கம்பெனியில் அவனுக்குப் பிரஸ் மிஷினில் வேலை. தகட்டை உள்ளே வைத்துவிட்டு, வெளியே இரண்டு பக்கமும் இருக்கிற இரண்டு விசைகளை இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் மேலிருந்து அச்சு இறங்கும். கை இரண்டும் வெளியே இருக்கட்டும் என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். ஆனால் அப்படிச் செய்தால் உருப்படி கம்மியாகும். அதனால் அங்கே எல்லாருமே ஒரு விசையை அழுத்தின நிலையில் ஆப்பு செருகி, துணியால் இறுக்கிக் கட்டிவிட்டு, ஒரு கையால் தகடு வைத்து மறு கையால் அழுத்துவார்களாம். சூப்பர்வைசர் அந்தப் பக்கம் வந்தால் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு போவாராம். எனக்கு அந்த ஆளை ஒரே ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும் என்று இன்றைக்கும் ஆசை இருக்கிறது. ஒருநாள் கையை எடுப்பதற்குள் அச்சு இறங்கி, தம்பியின் வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, “அக்கா, பாதியாச்சும் இருக்குதா?” நான் இருக்குது என்று சொன்னேன். கட்டு அவிழ்க்கிறவரை அந்தப் பொய்யை வைத்து ஓட்டினேன்.

காயம் ஆறியதும் அவனோடு சுற்றுகிற சேர்த்திக்காரர்கள் வந்தார்கள். ஆறுதல் சொல்லத்தான் வந்தார்கள், மகராசன்கள். மாநில எல்லையில் இருக்கிற மதகடிப்பட்டுக்கு அழைத்துப்போய் ஆறுதல் சொன்னார்கள். அங்கே சாராயத்துக்கும் பிராந்திக்கும் என்ன பஞ்சம்? எல்லைக்கு அந்தப் பக்கத்து ஜில்லாக்காரன் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கண்ணில் படவேண்டும் என்று ரோட்டோரமாகவே கடை வைத்திருக்கிறார்கள். எங்கள் அப்பாவை நாங்கள் பறிகொடுத்ததும் அதில்தான். அவர் வயிறு வீங்கிக் கிடந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் தம்பி. தொடவே மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் தொட்டான். ஒருநாள் அம்மா ஷேர் ஆட்டோ பிடித்துப் போய், கடை வாசலில் உட்கார்ந்திருந்தவனைத் தோளில் தாங்கி அழைத்துவந்தாள். மறுநாள் சாயந்திரம் நான் போனேன். அழுது தீர்ப்பதற்கு எனக்குத் தெரியாது, எனக்குத் தெரிந்தது கோபம்தான். டிவியைப் போட்டு, கேம் பெட்டியைப் போட்டு, ரிமோட்டை அவன் மடியில் எறிந்தேன். “ஆடுறா” என்றேன். “எதாலக்கா ஆடுறது?” என்றான். நான் அவன் வலது பக்கம் நெருக்கி உட்கார்ந்து, என் வலது கையை நீட்டி ரிமோட்டின் அந்தப் பாதியைப் பிடித்தேன். “தோ, இதால” என்றேன்.

அப்படித்தான் ஆரம்பித்தது. நடப்பது, ஓடுவது, திரும்புவது அவன். வெட்டுவது, தடுப்பது, குதிப்பது நான். முதல் சில நாட்கள் கொண்டைக்காரன் பட்ட பாடு இருக்கிறதே, பேய் பிடித்தவன் மாதிரி எதிரியே இல்லாத இடத்தில் காற்றை வெட்டிக்கொண்டு நிற்பான். எதிரி வந்தால் குதிப்பான். சாதாரண காவல்காரன் கையால் செத்துச் செத்து விழுந்தான். தம்பிக்கு முதலில் எரிச்சல், அப்புறம் சிரிப்பு. “அவசரப்படாதக்கா, அவன் மொதல்ல ஓங்கட்டும். கத்தி வரசொல்ல தட்டு” என்று சொல்லிக்கொடுப்பான். ராத்திரி வீட்டில் சப்பாத்தி தேய்க்கும்போதும் என் கட்டைவிரல் தானாக அழுத்தும். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, “இன்னாடி, கைக்கு வலிப்பா?” என்பார். சாயந்திரம் ஆனால் போய்விடுவேன். அவன் குளித்துவிட்டுத் தயாராக உட்கார்ந்திருப்பான். வெட்டுப்பட்ட கையை என் முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்துக்கொள்வான், அவன் கண்ணிலும் படாமல் என் கண்ணிலும் படாமல். போகப்போக அவன் சொல்வதற்கு முன்பே என் கை வெட்டியது. கத்தியும் கத்தியும் மோதித் தீப்பொறி பறக்கிறபோது இரண்டு பேரும் ஒரே மூச்சில் கத்துவோம்.

அம்மாவுக்கு அந்த விளையாட்டைப் பற்றி ஒரே ஒரு ஆட்சேபணை. வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த வீட்டில் ரத்தம் கூடாது. “கறியே ஆக்கறதில்ல, ஆள வெட்டலாமா?” என்று ஒரே பிடிவாதம். சொல்லிப் பார்த்தோம், பொம்மை என்றோம், கேட்கவில்லை. சரியென்று வெள்ளிக்கிழமைகளில் கொண்டைக்காரனுக்கு விரதம் வைத்தோம். ஏற்கெனவே எதிரிகளை முடித்துவிட்ட இடங்களுக்குத் திரும்பிப்போய் சும்மா நடக்கவிடுவோம். மூங்கில் காட்டில் நடப்பான், ஆற்றங்கரையில் நிற்பான், பனியில் காலடி பதியப் போவான். எனக்கு அன்றைக்கு வேலை கிடையாது, ஆனாலும் கையை எடுக்க மாட்டேன். அன்று மட்டும் அம்மாவும் வந்து உட்காருவாள். “இவ்ளோ குளுருல ஒரு போர்வ இல்லாம போறானே” என்பாள். “இவன் எப்பதான்டா சோறு துன்னுவான்?” என்று கேட்பாள். தம்பி விழுந்து விழுந்து சிரிப்பான். என் வாழ்க்கையில் அந்த வெள்ளிக்கிழமைகளைவிட நல்ல நாட்கள் இருந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன், எதுவும் அகப்படவில்லை.

ஆட்டம் இருந்தவரை அவன் மதகடிப்பட்டுப் பக்கம் போகவில்லை. அவ்வளவுதான் விஷயம். கூப்பிட வந்தவர்களிடம், “அக்கா வரும்டா, கோட்டைக்குப் போவணும்” என்று அவனே சொல்லி அனுப்பினான். அது எனக்கும் அம்மாவுக்கும் நன்றாகத் தெரியும், ஆனால் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை, பேசினால் கண் பட்டுவிடும் என்று பயம். கோட்டையும் நெருங்கியது. அந்தக் கோட்டை வாசலில் நீள ஈட்டியோடு ஒரு கிழவன் நின்றான். அவனைத் தாண்டினால் பிரபு, பிரபுவை வெட்டினால் கதை முடிந்தது. நல்லவேளையாகக் கிழவன் லேசுப்பட்டவன் இல்லை. வாரக்கணக்கில் எங்களைக் குத்திக் குத்திப் போட்டான். தம்பி பல்லைக் கடிப்பான், நான் உள்ளுக்குள்ளே கிழவனைக் கும்பிடுவேன். அடுப்படியில் அம்மா என் காதருகே வந்து, “அந்தக் கெழவன் நல்லா இருக்கணும்டி” என்றாள். ஊர்க் கோயிலில் விளக்குப் போட்டபோது எனக்கென்று எதுவும் வேண்டவில்லை. ஜப்பானிலோ எங்கேயோ உட்கார்ந்து இதைச் செய்தவனுக்கு, முடிவே இல்லாத ஒரு விளையாட்டைச் செய்யத் தெரியாமல் போனதே என்று வயிற்றெரிச்சலாக இருந்தது.

கிழவன் ஒருநாள் விழுந்தான். பிரபு அதற்கப்புறம் அதிக நாள் தாங்கவில்லை. அந்த வியாழக்கிழமை சாயந்திரம் பிரபுவுக்கு இன்னும் எவ்வளவு உயிர் மிச்சம் என்று டிவியில் காட்டுகிற கோடு ஒரு நூல் அளவுக்கு வந்து நின்றது, கொண்டைக்காரனுடையதும் அப்படித்தான். யார் கத்தி முதலில் விழுகிறதோ அத்தோடு சரி. தோற்றுப்போ, தோற்றுப்போ என்று என் மனசு அடித்துக்கொண்டது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் அழுத்த வேண்டாம் என்றுதான் நினைத்தேன். பிரபு கத்தியை ஓங்கினான். இத்தனை மாதம் பழகின கட்டைவிரல் என்னைக் கேட்கவா செய்யும்? தானாகத் தடுத்தது, தானாக வெட்டியது. தம்பி “அக்காவ்!” என்று கத்திக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் இருந்த அந்தக் கையாலேயே என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தான். அவன் முகத்தைப் பார்த்து நானும் சிரித்துவிட்டேன். கத்தல் கேட்டு அம்மா முறத்தோடு அடுப்படியிலிருந்து வந்தாள். டிவியில் பெயர் பெயராக மேலே போய்க்கொண்டிருந்தது. “முடிஞ்சிடுச்சாடி?” என்று என்னைக் கேட்டாள். கடைசிப் பெயர் போகிறவரை தம்பி பார்த்துக்கொண்டே இருந்தான், பிறகு டிவியை அணைத்தான்.

மறுநாள் எப்போதும் போகிற நேரத்துக்கு முன்னாலேயே ஓடினேன். அவன் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தான். கை போனதிலிருந்து பனியன் டீஷர்ட்டோடு திரிந்தவன், அன்றைக்குப் பெட்டியிலிருந்து இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து மாட்டியிருந்தான்.

“எங்கடா கெளம்பிட்ட?”

“சும்மா, மதகடிப்பட்டு வரைக்கும்.”

“மொதல்லேர்ந்து ஆடலாம்டா. நான் இப்ப நல்லா வெட்டுவேன் இல்ல?”

“செத்தவனையே திரும்ப எதுக்குக்கா வெட்டணும்?” என்றான். கோபம் இல்லை, சலிப்பு இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னான்.

என் வாய்க்குப் பயப்படாதவர்கள் ஊரில் குறைவு. அன்றைக்கு அவன் பயப்படவில்லை. வேறு விளையாட்டு வாங்கித் தருகிறேன் என்றேன், வாங்கலாம்கா என்றான். அப்பாவை நினைத்துப் பார் என்றேன், தெரியும்கா என்றான். அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை. சட்டையின் இரண்டு ஓரங்களையும் இடது கையால் சேர்த்துப் பிடிக்கப் பார்த்தான், முடியவில்லை. என் பக்கம் திரும்பி, சின்ன வயதில் ஸ்கூலுக்குக் கிளம்பும்போது நிற்கிற மாதிரி மோவாயைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

“போட்டு வுடுக்கா, நேரமாவுது.”

கீழேயிருந்து ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுவிட்டேன். காலரையும் சரி செய்தேன்.