மணி அடித்தவன் எழுதுவது

தேர்வுக் கூடத்தில் மேற்பார்வைக்கு நின்றிருந்தபோது அந்தச் செய்தி வந்தது. அட்டெண்டர் வாசலில் நின்று கையசைத்தார். அருகே போனேன். "நம்ம வரலாறு சார் பூட்டாரு சார். காலைல நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லிக்கினு இருந்தாராம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ளயே..." என்றார். கூடத்தில் பையன்கள் எழுதிக்கொண்டிருந்தது வரலாற்றுத் தாள். அதையும் தமிழில் எழுதிக்கொண்டிருந்தார்கள். நம் கல்லூரியில் அந்தப் பாடத்தை முதன்முதலில் தமிழில் நடத்தியவர் பேராசிரியர் தரணேந்திரன். அது அவர்களில் ஒருவனுக்கும் தெரிந்திருக்காது. தெரியாமல் போனதில் எனக்குப் பெரும் பங்கு உண்டு. இந்தக் கல்லூரி மலரில் அவரைப் பற்றி எழுதச் சொன்னவர்களுக்கு அது தெரிந்திருந்தால் வேறு ஆளைப் பார்த்திருப்பார்கள்.

காஞ்சிபுரத்தை அடுத்த ஒரு கிராமத்தில் பயிர் செய்யும் சமணக் குடும்பம் அவருடையது. விளக்கு வைத்த பிறகு ஒரு வாய் சாப்பிட மாட்டார். கல்லூரி விருந்துகளில் நாங்கள் வடையும் பாயசமுமாக உட்கார்ந்திருப்போம். அவர் பக்கத்தில் அமர்ந்து கதை சொல்லிக்கொண்டிருப்பார். பட்ட வகுப்புகளில் தமிழ்வழி தொடங்கியபோது வரலாற்றுக்குப் பாடநூலே கிடையாது. அவரே எழுதினார். தமிழ்த்துறையைச் சேர்ந்தவன் என்பதால் சொல் கேட்டு என்னிடம் வருவார். நான் எடுத்துக் கொடுக்கும் தூய சொற்களைப் பார்த்து, "புரியாத இங்கிலீஷுக்கு பதிலா புரியாத தமிழ வெச்சா என்னா லாபம், புலவரே?" என்பார். எனக்குக் கோபம் வரும். மறுநாள் எளிய சொல்லோடு நானே அவரைத் தேடிப் போவேன்.

அந்த ஆண்டு மாணவர் மன்றம் ஒரு பட்டிமன்றம் அறிவித்தது: பாடம் தமிழிலா, ஆங்கிலத்திலா? மொழிப் போராட்டம் நடந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தாலும் சூடு தணியவில்லை. மன்றச் செயலாளர் ஏகாம்பரம் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் மகன். ஆசிரியர் அறைக்கு வந்து தலையைச் சொறிந்தான். "ஆங்கிலத்துக்குப் பேச யாருமே ஒத்துக்க மாட்டேங்கறாங்க சார். பேசினா அடி வுழும்னு பயப்படறாங்க."

தரணேந்திரன் சிரித்தார். "எதிர்த்துப் பேச ஆளில்லன்னா அது பட்டிமன்றம் இல்லப்பா, பஜனை. நான் பேசறேன் போ."

நான் பதறினேன். அவன் போனதும் என்னிடம் திரும்பினார். "நீங்க நடுவரா உக்காருங்க. என்னை முழுசா பேச வுடுங்க, அது போதும். மொதல்ல இங்கிலீஷ் பக்கத்து நியாயத்தையெல்லாம் எடுத்து வெக்கிறேன். அதுக்கெல்லாம் தமிழ் வழியில என்னா பதில் செய்யணும்னு நானே சொல்லி முடிக்கிறேன். கேள்வியே கேக்காம ஜெயிச்சா நாளைக்கு நிக்காது." சரி என்று தலையாட்டினேன்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தமிழ்வழிக் கல்விக்காக ஊர் ஊராகப் போய்த் தொண்டை கிழியப் பேசியவன் நான். அதே ஆண்டுதான் என் மகனைக் கான்வென்ட்டில் சேர்த்தேன். கேட்டவர்களிடம் வீட்டுக்குப் பக்கம் என்றேன். நகராட்சிப் பள்ளி அதைவிடப் பக்கம். தரணேந்திரன் தன் மகள் பத்மாவை அங்கேதான் படிக்க வைத்தார். கழுத்தில் டை கட்டிய என் பிள்ளையைத் தெருவில் பார்த்தபோது அவன் கன்னத்தைத் தட்டி, "நல்லா படி கண்ணு" என்றார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதைப் படிக்கும் பழைய மாணவர்களே, உங்களில் பலர் அன்று அரங்கில் இருந்தீர்கள். அவர் எழுந்ததும் எழுந்த கூச்சல் நினைவிருக்கும். "கத்தி முடிங்கப்பா, நான் இங்கதான் இருக்கேன்" என்று கைகட்டி நின்றார். கூச்சல் சிரிப்பாக மாறி அடங்கியது. மேல்படிப்பு, வேலை, வெளியூர் என்று ஆங்கிலத்தின் பக்கம் இருந்த நியாயங்களை அடுக்கினார். பையன்கள் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "மேடையில தமிழ் தமிழ்னு பேசறோம். நம்ம புள்ளைங்கள எங்க சேக்கறோம்? தறிக்காரன் புள்ளைக்கு ஒரு பள்ளிக்கூடம். அவனுக்குப் புத்தி சொல்றவன் புள்ளைக்கு..."

நான் மணியை அடித்தேன்.

நேரம் இன்னும் இருந்தது. நடுவர் மணி அடித்தால் பேசுகிறவர் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும் என்பது பட்டிமன்ற வழக்கம். அதை நமக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். வாக்கியத்தைப் பாதியில் விட்டார், என்னை ஒரு முறை பார்த்தார், உட்கார்ந்தார். நான் எழுந்து அடுக்குமொழியில் தமிழுக்குத் தீர்ப்பு வழங்கினேன். கைதட்டலில் கூரை அதிர்ந்தது. மாலை போட்டார்கள், வாங்கிக்கொண்டேன்.

ஊரில் நின்றது அவருடைய பாதிப் பேச்சு. அவர் வகுப்புக் கரும்பலகையில் 'ஆங்கில அடிமை' என்று எழுதினார்கள். ஏகாம்பரத்தின் தலைமையில் பையன்கள் வெளிநடப்புச் செய்தார்கள். அமைதி கெடக் கூடாது என்று முதல்வர் தமிழ்வழி வகுப்பை அவரிடமிருந்து எடுத்து வேறொருவருக்குக் கொடுத்தார். அவர் எழுதிய பாடங்களை அந்த வேறொருவர் படித்துக் காட்டினார். ஏகாம்பரத்தை நீக்கப்போவதாகப் பேச்சு வந்தபோது மட்டும் தரணேந்திரன் முதல்வர் அறைக்குப் போனார். நானும் உடன் போனேன். "என் வகுப்புக்கு வரமாட்டேன்னு சொல்றதும் ஒரு கருத்துதான சார். அவனை வெளியே அனுப்பிட்டா நான் சொன்னது சரின்னு ஆயிடுமா?" என்றார். ஏகாம்பரம் தப்பினான். தனக்காக அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பக்கத்தில் நின்ற நானும் பேசவில்லை. அவர் எதைச் சொல்லி முடிக்க இருந்தார் என்று நான் சொல்லியிருந்தால் போதும். சொன்னால், பிறகு ஏன் மணி அடித்தாய் என்று கேட்பார்களே!

அதன் பிறகும் மாலையில் என்னோடுதான் தேநீர்க் கடைக்கு வருவார். ஒருநாள் துணிந்து கேட்டேன்: "அன்னைக்கு மீதி என்ன சார் சொல்ல இருந்தீங்க?"

"மணி அடிச்சப்புறம் பேசக் கூடாது, புலவரே" என்று சிரித்தார். திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நான் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். இத்தனை ஆண்டுக்குப் பிறகு, அவர் போன பிறகு, இனி யாருக்குப் பயம்? ஆனாலும் பழகிய வாய். "மாற்றுக் கருத்து உடையவராயினும் மாண்பாளர்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். எல்லோரும் தலையசைத்தார்கள்.

வாசலில் பத்மா நின்றிருந்தாள். அழுது கண் வீங்கியிருந்தது. "மாமா, எங்கப்பா தமிழுக்கு எதிரா இருந்தாரா? எப்பப் பாத்தாலும் தமிழ்லதான பாடம் எழுதிக்கினு இருந்தாரு. நீங்க கூடவே இருந்தீங்க. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்மா" என்றேன்.

நான் சொல்லி முடிக்கட்டும் என்று அப்பாவைப் போலவே பொறுமையாகக் காத்திருந்தாள். நான் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி நடந்துவிட்டேன்.

தரணேந்திரனிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தப் பொறுமைக்கு நான் தர வேண்டிய பதில்தான். நேரில் சொல்ல வாய் வரவில்லை, எல்லோரும் படிக்கும் இடத்தில் எழுதுகிறேன். பத்மா, உன் அப்பா தமிழுக்கு எதிரி இல்லை. எனக்கும் எதிரியாக இருந்ததில்லை. அவர் என் பெயரைச் சொல்லிவிடுவார் என்று நான்தான் பயந்தேன். அவர் சொல்லியிருக்க மாட்டார் அம்மா. அது எனக்கு அப்போதே தெரியும்.