பனமலை ஏரிக்கரையில் நான் பிணமான ரிக்கார்டிங்

ரிக்கார்டிங் தொழிலுக்கு வரும் பிள்ளைகள், "சார், நீங்க மொதல்ல என்னவா சேர்ந்தீங்க?" என்று கேட்கிறார்கள். ஒருவன் டீ வாங்குகிறவனாகச் சேர்ந்திருப்பான், ஒருவன் வயர் சுற்றுகிறவனாக. நான் பிணமாகச் சேர்ந்தேன்.

அறுபதுகளில் செஞ்சியில் ஒரு மைக் செட் கடையில் வேலை பார்த்தேன். அதற்கு முன் கூத்தில் முகவீணை ஊதினேன். ஊதினேன் என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். "நீ ஊத ஆரம்பிச்சா கட்டியங்காரன் வர்றதுக்கு முன்னாடியே ஜனம் பாயச் சுருட்டிக்கினு போவுது" என்று வாத்தியார் அனுப்பிவிட்டார்.

1. அயர்லாந்துக்காரர்

அப்போது அயர்லாந்துக்காரர் ஒருவர் வந்தார். அவர் ஊரில் பிடில் வாசிக்கிறவர். கிராமத்துப் பாட்டுகளைப் பதிவுசெய்து இசைத்தட்டாகப் போடும் தயாரிப்பாளரும் அவரே. கோட்டையை அவசரமாகப் பார்த்துவிட்டு, இங்கே யார் நன்றாகப் பாடுவார்கள் என்று விசாரித்துக்கொண்டு எங்கள் கடைக்கு வந்தார். எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷை வைத்துக்கொண்டு நான் மொழிபெயர்ப்பாளன் ஆனேன். நான் பேசி யாருக்கும் விளங்காதபோது மனிதர் பிடிலை எடுத்து வாசிப்பார். ஜனத்துக்கு உடனே விளங்கிவிடும்.

நடவுப் பாட்டு, ஏற்றப் பாட்டு எல்லாம் பதிவாகிவிட்டது. ஒப்பாரிதான் பாக்கி. அவர் ஊரிலும் சாவுக்குப் பெண்கள் பாடுவதுண்டாம். பாடத் தெரிந்தவர்கள் போய்ச் சேர்ந்த பிறகுதான் அவர் கைக்கு ரிக்கார்டிங் மெஷின் வந்ததாம். "அதை விட்டுவிட்டேன், இதை விடமாட்டேன்" என்றார். மறுநாள் அவர் மெட்ராஸ் திரும்ப வேண்டும். ஒப்பாரி கிடைத்தால் என்னையும் உதவியாளனாகக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். கிடைக்காவிட்டால் ஆயுசுக்கும் எனக்குக் குழாய் ஸ்பீக்கரும் கல்யாண வீடும்தான்.

2. முறை

பனமலையில் அஞ்சலை என்ற அம்மாள் ஒப்பாரியில் பேர்போனவர். நாங்கள் போனபோது பெண்களோடு உட்கார்ந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஆய்ந்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த செடியைக் கீழே போட்டார்.

"இன்னா பேச்சு பேசற? வெறும் வூட்ல ஒப்பாரி வெச்சா எழவு தேடிக்கினு வந்துடும்."

"வூட்ல வேணாங்கா. ஏரிக்கரையில வெச்சிக்கலாம்."

"அங்க மட்டும் பொணம் கெடக்குதா? யாருக்குன்னு அழுவறது, ஒன் மைக்குக்கா?"

வேலை கைநழுவுகிற பயத்தில், "நான் படுத்துக்கறேங்கா" என்று சொல்லிவிட்டேன்.

பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். உயிரோடு இருப்பவனுக்கு ஒப்பாரி வைத்தால் ஆயுசு கெட்டி என்று ஒருத்தி சொன்ன பிறகுதான் அஞ்சலையக்கா இறங்கி வந்தார். "சரி, இன்னா மொறையில படுக்கற? மொற தெரியாம ஒப்பாரி வராது" என்றார். புருஷன் முறைக்கு ஒருத்தியும் முன்வரவில்லை. கடைசியில் தம்பி என்று முடிவாயிற்று.

3. என் பெருமைகள்

வேப்பமரத்தடியில் தெற்கே தலைவைத்துப் படுத்தேன். தலைமாட்டில் மைக். பேட்டரியில் ஓடும் மெஷினோடு அயர்லாந்துத் துரை உட்கார்ந்தார். பெண்கள் தோளோடு தோள் கட்டிக்கொண்டு ஆரம்பித்தார்கள். செத்தவன் பெருமையைச் சொல்லித்தான் அழவேண்டும். அக்கா என் கதையை விசாரித்துத் தேடிப் பார்த்திருக்கிறார், ஒன்றும் அகப்படவில்லை.

"முகவீணை ஊதினியே – என் தம்பி
மூணு ஊரு தூங்கலியே
கல்யாண வூட்டுல நீ – என் தம்பி
கருமாதிப் பாட்டு வெச்சே"

அத்தனையும் உண்மை. அர்த்தம் தெரியாத துரை கண்ணை மூடிப் பயபக்தியோடு தலையாட்டிக்கொண்டிருந்தார். கட்டெறும்பு ஒன்று என் காதுக்குள் குடிபோகப் பார்த்தது. பிணம் என்ன செய்யும்? கிடந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அக்காவின் குரல் கரகரத்தது.

"கெணறு வெட்டப் போனவனே – என் தம்பி
கஞ்சி ஆறிப் போச்சுதடா"

நான் எந்தக் காலத்திலும் கிணறு வெட்டியதில்லை. மற்ற பெண்களின் குரலிலும் சிரிப்பு போய்விட்டது. என் மார்பில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. யார் பெற்ற பிள்ளைக்கோ விழ வேண்டிய கண்ணீர் என் மேல் விழுகிறதே என்று எனக்கும் அழுகை வந்துவிட்டது. நான் அழுதால் ரிக்கார்டிங் கெடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

முடிந்ததும் துரை வழக்கம்போல டேப்பைத் திருப்பிப் போட்டுக் காட்டினார். என் பங்கு ஓடும்போது அக்காவே சிரித்தார். கிணறு வந்ததும் மெஷின் மேல் கைவைத்தார்.

"இது இவனுக்குப் பாடனது இல்ல. என் தம்பிக்கு. ஊரு கேக்கறதுக்கு இல்ல. அழிச்சிடச் சொல்லு."

அந்த இடம்தான் ரிக்கார்டிங்கே. "அக்கா, அதாங்கா நல்லா இருக்குது" என்று கெஞ்சினேன்.

"நல்லா இருக்கணும்னா பாடனேன்?" என்றார்.

அப்படியே துரையிடம் சொன்னேன். அவர் மைக்கைக் கழற்றிவிட்டு, அந்த இடம் முழுக்க வெறுமனே ரிக்கார்ட் பட்டனை அழுத்திவைத்து அழித்தார். என் மெட்ராஸும் அதோடு அழிந்தது என்று நினைத்தேன்.

திரும்பும்போது அவர் சொன்னார்: "எனக்கு அழிக்க மனசே இல்லை. நீ மாற்றிச் சொல்லியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. மூட்டையைக் கட்டு, காலை பஸ்ஸில் கிளம்பலாம்." பொய் சொல்கிற அளவுக்கு என்னிடம் இங்கிலீஷ் இல்லை என்பதை அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை.

மிச்சமிருந்த என் பெருமைகள் இசைத்தட்டாக வந்தன. ஏதோ மகாராஜா செத்ததாக நினைத்து அயர்லாந்தில் கேட்டிருப்பார்கள்.

பிறகு நானும் தயாரிப்பாளன் ஆனேன். பதிவு முடிந்ததும் பாடியவருக்குப் போட்டுக் காட்டி, "எதனா அழிக்கணுமா?" என்று கேட்பேன். பெரும்பாலும் வேண்டாம் என்பார்கள். சிலர் ஓரிடத்தில் கைகாட்டுவார்கள். ஏன் என்று கேட்கமாட்டேன். நீங்களும் கேட்காதீர்கள். நான் போட்ட தட்டுகளில் பாட்டு நடுவில் சட்டென்று நின்றால், ரிக்கார்டிஸ்ட் தூங்கிவிட்டான் என்றுதான் எல்லோரும் திட்டுகிறார்கள். திட்டட்டும்.